பட்டறைக் கேள்வி-பதில்: சுத்தியலைத் தூர வையுங்கள்

சாரல் நின்றதும் எனக்குக் கடிதங்கள் கூடும். மூன்று மாதம் ஈரத்தில் கிடந்த டில்லரையும் (கையால் பிடித்து உழும் இயந்திரம்) பம்ப்செட்டையும் எல்லாரும் அப்போதுதான் சாக்கை விலக்கிப் பார்ப்பார்கள். இந்தத் தடவை வந்ததில் பாதிக்கு மேல் பழைய எஞ்சின்களைப் பற்றியவை. பத்து வருடம் ஓடாமல் கிடந்தவை, தாத்தா வாங்கியவை, அடுத்த வீட்டுக்காரர் சும்மா கொடுத்தவை. அதனால் இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே. எழுதுவது செங்கோட்டையில் புளியரை ரோட்டோரப் பட்டறையிலிருந்து.

கேள்வி: அண்ணாச்சி, எங்க அப்பா வாங்கின காம்கோ பவர் டில்லர் 11 வருஷமாக ஓலைக் கொட்டகையில் கிடக்கிறது. ஸ்டார்ட் பண்ணும் கைப்பிடி போட்டால் அசையவே இல்லை. பார்க்க வந்த மெக்கானிக் "ஜாமாயிடுச்சு, எடைக்குப் போடுங்க" என்கிறார். வீட்டில் வைத்து நானே சரி செய்ய முடியுமா? — பண்பொழி வாசகர்

முடியும் தம்பி. எடைக்குப் போட வேண்டாம். இன்றைக்கே இரண்டு காரியம் செய்யுங்கள். கைப்பிடியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். சுத்தியலை யார் கண்ணிலும் படாத இடத்தில் வையுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எனக்கு அப்போது 19 வயது. புனலூரில் ஒரு மேஸ்திரியிடம் வேலை பழகிக்கொண்டிருந்தேன். இதே மாதிரி பூட்டிக்கொண்ட எஞ்சின் ஒன்று வந்தது. மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். அவர் வருவதற்குள் முடித்துக் காட்டலாம் என்று ஹெட்டை (சிலிண்டரின் மூடி) கழற்றி, உள்ளே ஓடும் பிஸ்டன் மேல் ஒரு இரும்புத்துண்டை வைத்து அடித்தேன். முதல் இரண்டு அடிக்கும் 'ணங், ணங்' என்று கனமான ஓசை. மூன்றாவது அடிக்கு ஓசை மாறிவிட்டது. சட்டி உடைந்த மாதிரி இருந்தது. பிஸ்டன் ஓரம் பிளந்து லைனரிலும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்ளுறை) கோடு விழுந்துவிட்டது. திரும்பி வந்த மேஸ்திரி என்னைத் திட்டவில்லை. "பதுக்கெ மதி, பதுக்கெ மதி" என்று மட்டும் சொன்னார். மெல்லப் போதும் என்று அர்த்தம். அந்த எஞ்சினின் சொந்தக்காரர் அந்தப் போகம் முழுக்க மாட்டை வாடகைக்குப் பிடித்து உழுதார். அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். கொச்சிப் பக்கம் அத்தாணியில் கேரள அரசின் காம்கோ கம்பெனி 1973-ல் தொடங்கியது. ஜப்பானின் குபோட்டா தொழில்நுட்பத்தில் அவர்கள் செய்த கே.எம்.பி. 200, 12 எச்.பி. டீசல் எஞ்சினோடு இந்த மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இரண்டு பக்கமும் வயலில் இறங்கியது. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பதும் அதுதான். வார்ப்பு நல்ல வார்ப்பு. சும்மா கிடந்ததால் மட்டும் அது சாகாது.

பூட்டிக்கொள்வது எப்படி என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். எஞ்சின் நிற்கும்போது ஏதாவது ஒரு வால்வு (காற்றும் புகையும் போய்வரும் கதவு) திறந்தபடி நின்றிருக்கலாம். சாரல் மாதங்களில் ஈரக்காற்று சைலன்சர் வழியாக உள்ளே போய் சிலிண்டர் சுவரில் வியர்க்கும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் சுவரைத் தொடும் இடத்தில் துரு பிடித்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான 'ஜாம்' அவ்வளவுதான். ஒட்டியதை ஊறவைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

முதலில் சைலன்சர் வாயில் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். ஓலைக் கொட்டகையில் கிடந்தது என்கிறீர்கள், உள்ளே குளவி மண்கூடு கட்டியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. போன வருடம் என்னிடம் வந்த ஒன்றில் அடுக்கடுக்காக ஏழு அறை இருந்தது. அந்த மண் உள்ளே விழுந்தால் லைனரை அரைத்துவிடும். அதனால் சைலன்சரைத் தனியாகக் கழற்றி வெளியே வைத்துத் தட்டுங்கள்.

அப்புறம் எஞ்சின் ஆயில் வடிக்கும் போல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள், முழுக்கக் கழற்ற வேண்டாம். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம், அதனால் உள்ளே தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். நாலைந்து சொட்டு வந்தால் அது வியர்வைத் தண்ணீர், கவலையில்லை. அரை டம்ளர் வந்தாலோ, ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தாலோ, ரேடியேட்டர் தண்ணீர் எங்கோ உள்ளே இறங்கியிருக்கிறது. அப்போது ஊறவைக்கும் வேலையோடு நிறுத்தாமல் ஹெட்டைத் திறந்துதான் ஆக வேண்டும்.

இப்போது நாசிலை (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) கழற்றுங்கள். அந்த ஓட்டை வழியாக டீசலும், பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றுகிற சிவப்பு ஏ.டி.எஃப். ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்ற வேண்டும். பலரும் தப்பு செய்வது இங்கேதான். டில்லர் எஞ்சினில் சிலிண்டர் படுத்த நிலையில் இருக்கிறது. அப்படியே ஊற்றினால் எண்ணெய் கீழ்ப்பக்கம் மட்டும் தேங்கும், மேல்பக்க ரிங் காய்ந்தே கிடக்கும். ஒரு மாதம் ஊறவைத்தேன், அசையவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வண்டியைத் தூக்கி நிறுத்தினீர்களா?" என்றுதான். டீசல் டேங்கையும் ரேடியேட்டரையும் வடித்துவிட்டு, ஹெட் இருக்கும் பக்கம் மேலே வரும்படி கட்டை கொடுத்து வண்டியைச் சாய்த்து நிறுத்துங்கள். சறுக்காமல் இருக்கச் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். அப்போதுதான் ஊற்றியது பிஸ்டன் தலைமேல் குளம் மாதிரி நிற்கும்.

ஒரு வாரம் விடுங்கள். தினமும் மட்டம் பாருங்கள். இறங்கியிருந்தால் நல்ல செய்தி, ரிங் பக்கம் வழி கிடைத்துவிட்டது. ஃப்ளைவீலில் (எஞ்சின் பக்கத்திலிருக்கும் கனமான சக்கரம்) சாக்பீஸால் ஒரு கோடும், அதற்கு நேராக பாடியில் ஒரு கோடும் போட்டுக்கொள்ளுங்கள். எட்டாம் நாள் டிகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் பிடி) தூக்கி வைத்துக்கொண்டு, ஃப்ளைவீலை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். இரண்டு கோடுக்கும் நடுவில் ஒரு நெல்மணி அகலம் விலகினால் போதும், நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். நாளைக்கு இரண்டு நெல்மணி வரும். மூன்று வாரமாகியும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றி, மரக்கட்டையை வைத்துத் தள்ளலாம். கவனியுங்கள், மரக்கட்டை.

சுழல ஆரம்பித்ததும் ஹெட்டைத் திறந்து லைனர் உள்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ரிங் நின்றிருந்த இடத்தில் ஒரு கறுப்பு வளையம் தெரியும். நகம் வழுக்கிக்கொண்டு போனால் ஹோனிங் பண்ணி (உள்சுவரை மெல்லத் தேய்த்து) ரிங் மாற்றினால் போதும். நகம் மாட்டினால் லைனரே மாற்ற வேண்டும், அதை லேத் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் வரும் அடைப்புத் தகடு) புதிது வாங்கியதும் பழையதன்மேல் வைத்து ஓட்டைகள் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒரு தடவை நான் பார்க்காமல் மாட்டிவிட்டேன். அந்த கேஸ்கட்டில் தண்ணீர் ஓட்டை ஒன்று குத்தப்படவே இல்லை. ஒரு மணி நேர உழவில் எஞ்சின் கொதித்துவிட்டது.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் செய்ய வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஊறவைத்த எண்ணெய் ரிங்கைத் தாண்டி அடியில் இறங்கியிருக்கும், அதனால் பழைய ஆயிலை முழுக்க வடித்துப் புதிது ஊற்றுங்கள். டேங்கில் பழைய டீசல் கறுப்பு வழவழப்பாகியிருக்கும், கழுவி எடுங்கள். டீசல் பம்பின் ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) விரலால் தள்ளினால் தாராளமாகப் போய் வர வேண்டும். இதை விடவே கூடாது. பழைய டீசல் காய்ந்து ரேக் முழுத் திறப்பில் ஒட்டிக்கொண்டிருந்தால், ஸ்டார்ட் ஆன நொடியில் எஞ்சின் அலறிக்கொண்டு வேகம் ஏறும், ஆக்சிலேட்டரைக் குறைத்தாலும் இறங்காது. அதற்காக ஏர் ஃபில்டர் வாயை மூடும் அளவுக்கு ஒரு பலகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். காற்றை அடைத்தால் நின்றுவிடும். துணியால் அடைக்க வேண்டாம், உள்ளே இழுத்துவிடும்.

டீசல் வரும் வழியில் அடைத்த காற்றை எடுக்கும்போது டீசல் ஃபில்டர் ஸ்க்ரூ, பம்ப் ஸ்க்ரூ, நாசில் பைப் நட் என்று அந்த வரிசையில் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு முடுக்குங்கள். நாசில் பீய்ச்சுகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த புள்ளி மாதிரிதான் இருக்கும், ஆனால் உடனே ஆபரேஷன் தேவைப்படும் காயம் அது.

உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நம் ஊர் 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, அப்போது சென்னை மாநிலம் என்றிருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் டில்லர் சாமானுக்கு நான் இன்னும் கேரள எல்லையான கோட்டவாசல் தாண்டித்தான் போகிறேன். பழைய சாமானை ஒரு துணியில் கட்டி, கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

கேள்வி: அண்ணே, மாமனார் காலத்து வில்லியர்ஸ் மண்ணெண்ணெய் எஞ்சின் ஒன்று பாக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வைத்திருக்கிறோம். போன மாதம் நான்தான் துருவெல்லாம் தேய்த்து பெயின்ட் அடித்தேன். நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, பத்து நிமிஷத்தில் நின்றுவிடுகிறது. அரை மணி கழித்து மறுபடி ஓடுகிறது. — ஆரியங்காவு வாசகி

தங்கச்சி, நீங்களே பெயின்ட் அடித்தீர்கள் என்ற அந்த ஒரு வரி பெரிய உதவி. டேங்க் மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு காற்றோட்டை உண்டு. எண்ணெய் இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். அது பெயின்ட்டில் அடைபட்டால் உள்ளே வெற்றிடமாகி எண்ணெய் கார்புரேட்டருக்கு (எண்ணெயையும் காற்றையும் கலக்கும் பாகம்) இறங்காது. நின்ற பிறகு மெல்ல மெல்ல எங்காவது கசிந்து காற்று நிரம்பும், மறுபடி ஓடும்.

அடுத்த தடவை நின்ற உடனே மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். 'உஸ்' என்று காற்று இழுத்து, உடனே எஞ்சினும் ஸ்டார்ட் ஆனால் இதுதான் காரணம். ஊசியால் குத்திவிடுங்கள், முடிந்தது.

மூடியைத் திறந்தும் ஓடாவிட்டால், ஆறுவதற்கு முன் பொறி தரும் பிளக்கைக் கழற்றுங்கள். சூடாக இருக்கும், துணி வைத்துப் பிடியுங்கள். பிளக்கின் உடம்பை ஹெட்டில், பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி, தொடவைத்துச் சுற்றிப் பாருங்கள். மண்ணெண்ணெய் சிந்திய இடமாக இருக்கக் கூடாது. சூட்டில் பொறி வராமல், ஆறினால் பொறி வருகிறது என்றால் கெட்டது காயில் (பொறிக்கு மின்சாரம் தரும் கம்பிச்சுற்று) அல்லது கண்டென்சர் (அதோடு சேர்ந்த சின்ன மின்பாகம்). சூடானதும் காயிலின் உள்சுற்று பிரிந்து ஆறினதும் சேருகிற வியாதி இது. முதலில் கண்டென்சரை மாற்றுங்கள், அதுதான் விலை குறைவு.

இன்னொன்றையும் பாருங்கள். ஆயில் மட்டம் நீங்கள் ஊற்றியதைவிட ஏறியிருக்கிறதா? பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, உடம்பு சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அவசரத்தில் உடனே மாற்றினால் எரியாத மண்ணெண்ணெய் ரிங் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கும். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் போய்விடும். நிறுத்துவதற்கு முன்னும் இரண்டு நிமிடம் பெட்ரோலில் ஓடவிட்டு நிறுத்துங்கள், மறுநாள் ஒரே இழுப்பில் எடுக்கும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும். வேலை முடிந்ததும் டேப்பை மூடி, கார்புரேட்டர் வற்றும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

கேள்வி: ஐயா, சொந்த ஊர் கடையநல்லூர். இப்போது ஓஹையோவில் இருக்கிறேன். இங்கே பக்கத்து வீட்டுப் பெரியவர் 1961-ம் வருட கப் கேடட் தோட்ட டிராக்டரை எனக்குக் கொடுத்தார். நீலப் புகை வருகிறது. நண்பர்கள் பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டுப் புதிது மாட்டச் சொல்கிறார்கள். வேகம் போதாது என்று யாரோ கவர்னரின் (எஞ்சின் வேகம் எல்லை மீறாமல் பிடிக்கும் அமைப்பு) இணைப்பையும் கழற்றியிருக்கிறார்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களையும் மேனுவலையும் இரண்டு நாள் இரவு உட்கார்ந்து பார்த்தேன். மனசு நிறைந்துவிட்டது தம்பி. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி கென்டக்கியின் லூயிவில் நகரத்துத் தொழிற்சாலையில் செய்த முதல் கப் கேடட் அது. வயலுக்கு அவர்களின் ஃபார்மால் கப் டிராக்டர், வீட்டுத் தோட்டத்துக்கு இது. அதில் இருப்பது கோலர் கம்பெனியின் 7 எச்.பி. கே161 எஞ்சின். பாடி முழுக்க வார்ப்பிரும்பு. இதைத் தூக்கிவிட்டு வேறு எஞ்சின் வைத்தால் உங்களிடம் மிஞ்சுவது ஒரு பழைய தகரக் கூடும் நாலு சக்கரமும்தான். மாற்ற வேண்டாம்.

புகையைவிட அந்த கவர்னர் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த இணைப்பைத் திரும்ப மாட்டி, மேனுவலில் சொன்னபடி சரி செய்யும்வரை ஓட்டாதீர்கள். இந்த எஞ்சினில் ஆயில் பம்ப் கிடையாது. பிஸ்டனை கிராங்கோடு (சுழலும் தண்டு) இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சின்னக் கரண்டி ஆயிலை அடித்துத் தெளிப்பதுதான் மொத்த மசகும். ராடும் அலுமினியம், நடுவில் பேரிங் ஷெல் (தேய்மானம் தாங்கும் உறை) இல்லாமல் நேராக கிராங்கின்மேல் ஓடுகிறது. நிமிடத்துக்கு 3600 சுற்றுக்கு மேல் ஏற்றினால் ராட் முறிந்து பாடியைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு முன்னால்தான் அந்த எஞ்சின் இருக்கிறது.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. பிரிக்கும் முன் ஆயில் மட்டம் அதிகமா, பிரீதர் (எஞ்சின் உள்ளே சேரும் காற்றை வெளியே விடும் வழி) அடைத்திருக்கிறதா பாருங்கள். பல நேரம் அதோடு முடிந்துவிடும். இல்லையென்றால் பிஸ்டனை மேலே, இரண்டு வால்வும் மூடிய நிலையில் நிறுத்தி, எஞ்சின் சுழலாமல் பிடித்துக்கொண்டு, பிளக் ஓட்டை வழியாகக் காற்று கொடுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் காற்று சீறினால் ரிங், சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு. இது சைடு வால்வு எஞ்சின், வால்வெல்லாம் பிளாக்கிலேயே இருக்கும். ஹெட் வெறும் மூடிதான். வால்வு பேஸ்ட் போட்டு வீட்டிலேயே அரைத்துவிடலாம். நம் ஊர் பழைய மண்ணெண்ணெய் எஞ்சின்களில் கை பழகியவனுக்கு இது புது ஜாதியே இல்லை.

பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பாய்ண்ட்டின் இடைவெளி 0.020 அங்குலம், அரை மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து எடுங்கள், கண்மட்டத்தில் வேண்டாம். அந்தப் பெரியவருக்கு அது ஓடும் சத்தத்தை ஒருநாள் கேட்க வையுங்கள்.

கேள்வி: பழைய டில்லர் பாகங்களில் துரு எடுக்க எது நல்லது? ஆசிட் ஊற்றலாமா? — தென்மலை வாசகர்

ஆசிட் வேண்டாம். துருவோடு நல்ல இரும்பையும் தின்னும், புகை நெஞ்சுக்குக் கெடுதல். மாட்டுத் தீவனத்துக்கு விற்கிற கழிவுப்பாகு (சர்க்கரை ஆலையின் மொலாசஸ்) வாங்குங்கள். ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் பீப்பாய், இரண்டு வாரம். நாற்றம் இருக்கும், வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள். எடுத்துக் கழுவினால் இரும்பு சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருக்கும். உடனே காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் மறுபடி சிவக்கும். அலுமினியம், துத்தநாக வார்ப்பு எதையும் அதில் போடாதீர்கள், அரித்துவிடும். கார்புரேட்டர் பாடி பெரும்பாலும் அந்த வகைதான்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி தேய்க்காமல் தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போடுங்கள், முகத்துக்கு நல்ல மாஸ்க் கட்டுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பழைய கிளட்ச், பிரேக் லைனிங் தூசியை ஊதவே கூடாது, அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

பெயின்ட் அடிக்கும் முன் நம்பர் தகட்டின்மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து வையுங்கள், சின்ன வயதில் நாம் காசு தேய்த்து எடுப்போமே, அந்த மாதிரி. தகட்டுக்கு மேல் பெயின்ட் பட்டு எழுத்து மறைந்துபோன எத்தனையோ வண்டிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. எந்த மாடல், எந்தப் பிஸ்டன் என்று கண்டுபிடிக்க நாள் கணக்கில் அலைந்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, பத்தாவது படிக்கும் பையன் டில்லருக்குக் கைப்பிடி போட ஆசைப்படுகிறான். விடலாமா? — புளியரை வாசகர்

டீசல் டில்லருக்கு இப்போது வேண்டாம். உடம்பு இன்னும் முற்றவில்லை. கூட நின்று பார்க்கட்டும். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கட்டும், ஃபில்டர் கழுவட்டும், ஆயில் மட்டம் அவன் பொறுப்பாக இருக்கட்டும்.

கற்றுக்கொடுக்கும் நாள் வரும்போது முதலில் கட்டை விரலைக் கற்றுக்கொடுங்கள். கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டை விரல் மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும், சுற்றிப் பிடிக்கவே கூடாது. எஞ்சின் திருப்பி உதைத்தால் கைப்பிடி தானாகக் கையை விட்டுப் போய்விடும். சுற்றிப் பிடித்தால் விரல் எலும்பு போகும். என்னிடம் வேலை பார்த்த பையன் ஒருவனுக்கு அப்படி ஆனது, அவனை வண்டியில் உட்காரவைத்து தென்காசிக்குக் கொண்டுபோனவன் நான். சட்டைக் கை தொங்கக் கூடாது, வேட்டியை மடித்துக் கட்ட வேண்டும், கால் செருப்பு வழுக்கக் கூடாது.

பையனை ஒரு சனிக்கிழமை காலையில் பட்டறைக்கு அனுப்புங்கள். பிரித்து வைத்த ஒரு எஞ்சின் பெஞ்ச்மேல் இருக்கிறது. வால்வு அரைப்பது எப்படி என்று காட்டுகிறேன், பேஸ்ட்டும் தருகிறேன். பழைய சட்டை போட்டு வரச்சொல்லுங்கள்.